வடகிழக்குச் சுவரில் ஒரு கவிஞர்

2003-ஆம் ஆண்டு கோடைக் கடைசியில், நியூ ஜெர்சியில் ஒரு சிறிய ஊருக்கு வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். கல்யாணமாகி நான் அமெரிக்கா வந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. என் கணவருக்கு சாஃப்ட்வேரில் கான்ட்ராக்ட் வேலை. ஆபீஸ் மாறினால் வீடும் மாறியாக வேண்டும். நான் மாசமாக வேறு இருந்தேன். ரயிலடிக்கு நடந்து போகிற தூரம், மாடி ஏறாத வீடு, கையைக் கடிக்காத வாடகை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைவது லேசில்லை என்று தேடியவர்களுக்குத் தெரியும்.

எங்களுக்கு அமைந்தது. போலந்துக்காரர்கள் நிறைய இருக்கும் தெரு. ரொட்டிக் கடைப் பலகைகூட அவர்கள் மொழியில்தான் இருக்கும். மாடியில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். எழுபதைத் தொட்ட வயது. போலந்தில் பிறந்து, இளம் பெண்ணாக இங்கே வந்தவர். கணவர் காலமாகிவிட்டார், மகன் வேறு மாநிலத்தில். கீழ்ப் பகுதியைக் கட்டில், நாற்காலி, பாத்திரம் எல்லாவற்றோடும் வாடகைக்கு விட்டார். நான் முதல் நாளே "ஆன்ட்டி" என்று கூப்பிட, "நான் உனக்கு எந்த வழியில் ஆன்ட்டி?" என்று நிஜமாகவே கேட்டார். வம்புக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான். அதற்குப் பிறகும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன்.

முன் அறைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒருவர் இருந்தார். பெரிய எண்ணெய் வண்ண ஓவியம். கறுப்புக் கோட்டு, தாடையை முட்டும் வெள்ளைக் காலர், ஒரு கை மூடிய புத்தகத்தின் மேல். சின்ன வயதுதான். காய்ச்சலில் கிடந்து அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்த மாதிரி முகம். இடது தோளின் குறுக்கே வண்ணம் வெடித்து ஒரு கோடு ஓடியது. எப்போதோ மடித்து வைத்த தடம் என்று பார்த்தாலே தெரிந்தது.

"இவர் ஒரு கவிஞர்," என்றார் அந்த அம்மா. நூறு வருடத்துக்கும் மேற்பட்ட ஓவியம். கவிஞர் அந்த அம்மாவின் சொந்த ஊரில் பிறந்தவராம். வரைந்தவரும் அந்த ஊர்க்காரர்தானாம். ரொம்பப் பெரிய கவிஞரா என்று என் கணவர் மரியாதைக்குக் கேட்டார். "எங்கள் நாட்டிலேயே பாதிப் பேருக்கு இவரைத் தெரியாது" என்றார். சொன்ன விதத்தில் வருத்தம் கொஞ்சமும் இல்லை, பெருமைதான் இருந்தது.

வாடகைக்கு இரண்டு நிபந்தனை வைத்தார். படத்தை நாங்கள் சுவரிலிருந்து இறக்கக் கூடாது. நவம்பரில் கவிஞரின் பிறந்த நாளன்று மட்டும் மதியத்துக்கு மேல் முன் அறை தனக்கு வேண்டும். சர்ச் நண்பர்கள் வந்து கவிதை படிப்பார்கள். இதெல்லாம் ஒரு நிபந்தனையா என்று இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுக் குடிவந்தோம்.

வந்த அன்று சாயங்காலம் என் கணவர் காம்பஸை எடுத்துத் தரையில் வைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்த எங்களுக்கு மேற்கே பார்த்துத் தொழுதுதான் பழக்கம். அமெரிக்காவிலிருந்து மக்கா வடகிழக்கு. அந்த வீட்டில் வடகிழக்குச் சுவர் என்பது கவிஞர் இருந்த சுவர்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் வீட்டில் உருவப் படம் மாட்டுவதே குறைவு. தொழுகிற நேரத்தில் கண்ணெதிரே ஒரு மனித முகம் இருக்கவே கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. படுக்கை அறையில் தொழலாமே என்றால், அந்த அம்மாவின் பழைய இரட்டைக் கட்டிலும் பெரிய மர அலமாரியும் அதை அடைத்துக்கொண்டிருந்தன. பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் நடக்க முடியும்.

காலிங் கார்டு போட்டு ஊருக்குப் பேசியபோது என் மாமியாரிடம் என் கணவர் வாய் தவறி இதைச் சொல்லிவிட்டார். போனுக்குள்ளிருந்தே ஆள் எழுந்து வந்துவிடுவார் போலிருந்தது.

"என்ன வாப்பா இது? உருவப் படத்துக்கு முன்னாடி நின்னா தொழுவுறீய? வேற வூடே கெடைக்கலையா அமெரிக்காவுல?"

"இல்லம்மா, நான் அட்ஜஸ்ட் பண்ணிடுவேன்," என்றார் இவர். அட்ஜஸ்ட் பண்ணுவதில் என் கணவர் கெட்டிக்காரர். இரண்டு பக்க ஜன்னல் கொக்கிகளுக்கும் நடுவே ஒரு கயிற்றைக் கட்டி, தொழுகை நேரத்தில் அதில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார். படத்தில் ஒரு நூல்கூடப் படாது. தொழுது முடித்ததும் எடுத்து மடித்து வைத்துவிடுவோம். கவிஞருக்கும் தொந்தரவில்லை, எங்களுக்கும் தொந்தரவில்லை. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது என்று நான் கிண்டல் பண்ணுவேன். இதில் தப்பு ஏதும் இருப்பதாக எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அக்டோபரில் குளிர் தொடங்கியது. ஒரு நாள் பிற்பகல், கணவர் ஆபீஸில். நான் அஸர் தொழுதுகொண்டிருக்கிறேன். கதவு தட்டும் சத்தம். தொழுகைக்கு நடுவில் பேசக் கூடாது, பேசினால் முறிந்துவிடும். வீட்டுக்கார அம்மா மறுபடியும் தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் இருந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி உள்ளே விழுந்து கிடக்கிறாளோ என்று பயந்து, தன்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்துவிட்டார்.

தொழுகை முடிவில் நான் வலது பக்கம் ஸலாம் சொல்லி இடது பக்கம் திரும்பியபோது, கையில் ஆப்பிள் கேக் தட்டோடு அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. தட்டை சோபாவில் வைத்துவிட்டு நேராகப் போய் விரிப்பைப் பிடித்து இழுத்தார். கயிறு, கொக்கி எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"யார் இவர் முகத்தை மூடச் சொன்னது?"

தொழுகை, திசை, உருவம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏதேதோ சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. விரிப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே மாடி ஏறிப் போய்விட்டார். கோபத்தில் கேக்கை எடுத்துப் போக மறந்துவிட்டார். நாங்களும் அதைச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். உட்காரச் சொன்னார். விரிப்பை இஸ்திரி போட்டு மடித்து மேஜையில் வைத்திருந்தார். பிறகு, பால் கணக்குச் சொல்கிற மாதிரி சாதாரணக் குரலில் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது யுத்தம். ஊரைப் பிடித்தவர்கள் வீடு வீடாகப் புகுந்து போலந்து மொழிப் புத்தகங்களையும் படங்களையும் எடுத்துப் போய் எரித்தார்கள். அவருடைய அம்மா இந்த ஓவியத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து, மடித்து, துணியில் சுற்றி, மாவு மூட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார். தோளில் இருந்த கோடு அப்போது விழுந்ததுதான். யுத்தம் முடிந்து துணியைப் பிரித்த அன்று அம்மா இவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இனி ஒரு தரம்கூட இந்த முகம் துணிக்குப் பின்னால் போகக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும்.

"உங்கள் மதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை," என்றார். "நீ நல்ல பெண். ஆனால் துணி கூடாது. முடியாது என்றால், வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள். வருடக் கடைசி வரைக்கும் இருக்கலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் தொல்லை. கோபம் வந்திருந்தால் கீழே வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. எங்களுக்கு எங்கள் கடமை. இரண்டில் எது பெரிது என்று யாரிடம் போய்க் கேட்பது? எனக்குப் பயம்தான் வந்தது. ஜனவரியில் பிரசவம். கையில் பச்சைப் பிள்ளையோடு பனியில் எந்த வீட்டுக்குப் போவது என்று படி இறங்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"விடு, வேற வீடு பார்ப்போம். ஒரு படத்துக்காக ஃபைட் பண்ண முடியுமா?" என்றார் என் கணவர்.

பார்த்தோம். இரட்டைக் கோபுரம் விழுந்து இரண்டு வருடம்தான், அப்போது காலம் அப்படி. போனில் நல்லபடியாகப் பேசுவார்கள், பெயரைச் சொன்னதும், "அடடா, நேற்றுதான் அந்த வீடு போய்விட்டது," என்பார்கள். நிஜமாகவே நேற்று போயிருக்கலாம், எப்படிச் சொல்வது? கிடைத்த ஒன்றிரண்டும் மாடியில் இருந்தன, அல்லது ரயிலுக்கு வெகு தூரத்தில் இருந்தன. எங்களிடம் கார் கிடையாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

அதுவரைக்கும் தொழுகையை சமையலறைக்கு மாற்றினோம். ஃப்ரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. பாயின் ஒரு முனையை மடித்துக்கொள்ள வேண்டும். தலைமாட்டில் குப்பைக் கூடை, அதை நகர்த்தினால் கதவு திறக்காது. ஒருவர் முடித்த பிறகுதான் இன்னொருவர். குனிந்து எழ எனக்கு இடமும் போதவில்லை, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுதேன். முன் அறையில் கவிஞர் காற்றோட்டமாக இருந்தார். அவர் மேல் எனக்கு லேசாக எரிச்சல் வரத் தொடங்கியது உண்மை.

நோன்பு மாதம் பிறந்தது. நவம்பரில் கவிஞரின் பிறந்த நாளும் வந்தது.

சொன்னபடி மதியத்துக்கு மேல் அந்த அம்மா கறுப்பு உடையில் இறங்கி வந்தார். எங்களிடம் முகம் கொடுத்துத்தான் பேசினார், அளவாக. சர்ச் நண்பர்கள் வந்தார்கள், எல்லாரும் வயதானவர்கள். மேல்கோட்டுகளை எங்கள் கட்டிலில் குவித்துவிட்டு, நாற்காலிகளைப் படத்தைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நான் சமையலறையில் கஞ்சிக்கு அரிசி போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்கிறார், சில வரிகளில் மற்றவர்கள் குரலும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சின்ன வயதில் பக்கத்து வீட்டில் நபி புகழ் பாடும் மவ்லிது ஓதுவதைக் கேட்ட ஞாபகம் வந்தது. அர்த்தம் தெரியாமலே, எந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள் என்பது மட்டும் தெரியுமே, அதே மாதிரி. எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

நவம்பரில் அங்கே சீக்கிரமே பொழுது சாய்ந்துவிடும். என் கணவர் ஆபீஸிலிருந்து ஓடி வந்து, பின் கதவு வழியாக சமையலறைக்குள் நுழைந்து, பேரீச்சம்பழம் வாயில் போட்டு நோன்பு திறந்தார். இரண்டு வாய் கஞ்சி குடித்தார். மஃரிப் தொழுகைக்கு நேரம் குறைவு. பாயை மடித்துப் போட்டு, ஃப்ரிட்ஜுக்கும் அடுப்புக்கும் நடுவில் தொழ ஆரம்பித்துவிட்டார். நான் அந்தப் பக்கம், பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து முன் அறையில் ஒருவருக்கு இருமல் வந்தது. நிற்கவே இல்லை. வீட்டுக்கார அம்மா தண்ணீர் எடுக்க சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தண்ணீர்க் குழாய் என் பக்கம். அவர் கதவுப் பக்கம். நடுவில் என் கணவர், நெற்றி குப்பைக் கூடையை ஒட்டி, சுஜூதில். தொழுகிறவருக்குக் குறுக்கே நடக்கக் கூடாது. நான் ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்துவிட்டேன், ஆனால் கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை. எட்டி நீட்டினாலும் எட்டாது. "கொஞ்சம் பொறுங்கள்," என்று கையால் சாடை காட்டினேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே அவருடைய விருந்தாளி இருமிக்கொண்டிருக்கிறார், இந்த வீடே அவருடையது, அவரைப் போய் நிற்க வைத்திருக்கிறோமே என்று. அவர் நினைத்திருந்தால் ஒரே எட்டில் தாண்டி வந்து வாங்கியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

அவர் தாண்டவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கணவர் எழுந்தார், நின்றார், மறுபடி குனிந்தார். அதற்குள் அந்த அம்மாவின் கண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. மடித்த பாய், குப்பைக் கூடை, இன்னும் அனல் அடங்காத அடுப்பு, எனக்காகப் போட்டிருந்த நாற்காலி. இவர் ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது தன் தலைக்கு மேல் வீட்டுக்காரி நிற்பதைப் பார்த்துப் பதறி எழுந்தார். நான் தண்ணீரை நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டார். "தினமும் இங்கேயா?"

"ஆமாம், ஆன்ட்டி."

"இரண்டு பேரும்?"

"ஒருவருக்குப் பின் ஒருவர்."

அந்த அம்மா கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க மாடியில் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. என் கணவர் இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற முடிவுக்கு வந்திருந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடலாம் என்று நானும் தைரியமாகச் சொல்லிவிட்டேன், மனசுக்குள் துளி தைரியம் இல்லை.

சனிக்கிழமை காலை கதவு தட்டினார்கள். இந்த முறை நான் திறக்கும் வரை காத்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மா, கூடவே கவிதை படிக்க வந்த கூட்டத்திலிருந்து இரண்டு கிழவர்கள். ஒருவர் கையில் டிரில், இன்னொருவர் கையில் ஏணி.

"முகத்தை மூடக் கூடாது என்றுதான் என் அம்மா சொன்னார்," என்றார் அந்த அம்மா, வாசலிலேயே நின்றபடி. "எந்தச் சுவர் என்று சொல்லவில்லை."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் உள்ளே வந்து, வடகிழக்குச் சுவருக்கு நேர் எதிரே இருந்த சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். கிழவர்களுக்கு இதில் சம்மதமில்லை. அந்தச் சுவரில் தெரு ஜன்னல் வழியாகக் காலை வெயில் விழும், பழைய வண்ணம் வெளுத்துப்போகும், இத்தனை வருடம் இந்தச் சுவரில் வைத்ததே அதனால்தானே என்று தங்கள் மொழியில் வாதாடினார்கள். எனக்கு மொழி தெரியாவிட்டாலும், அவர்கள் ஜன்னலையும் படத்தையும் மாறி மாறிக் காட்டியதில் விஷயம் தெரிந்தது. அந்த அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அது தெரியாமல் இல்லை.

"காலையில் ஜன்னல் திரையை நான் இழுத்து விடுகிறேன், ஆன்ட்டி," என்றேன். "வெயில் போன பிறகு திறக்கிறேன். தினமும்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஜன்னலை மூடலாம்," என்றார். கிழவர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

படத்தை இறக்கியபோது பழைய சுவரில் அதன் அளவுக்கு ஒரு வெளிர் கட்டம் இருந்தது. சுற்றிலும் சுவர்க் காகிதம் பழுப்பேறிப் போயிருக்க, அங்கே மட்டும் அதன் நீலப் பூக்கள் புதிதாக இருந்தன. அன்று மதியம் முன் அறையில் நாங்கள் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நின்று சேர்ந்து தொழுதோம். வந்ததிலிருந்து அவ்வளவு நிம்மதியாகத் தொழுததில்லை. எனக்குப் பின்னால் கவிஞர் இருந்தார். எங்கள் முதுகு மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

மாமியாரிடம் போனில் சொன்னோம். காலிங் கார்டு நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"முதுகுக்குப் பின்னாடியா இருக்காரு?" என்றார். "ம்... சரி. இருந்துட்டுப் போவட்டும். அந்தப் பொம்பளைக்கு ஸலாம் சொல்லு."

ஸலாமை மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த அம்மா, "உன் மாமியாருக்கும்," என்றார். ஜனவரியில் மகள் பிறந்தாள். அவள் நடக்கப் பழகியது அந்த அறையில்தான். நாங்கள் அங்கே இருந்த வரைக்கும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னல் திரையை இழுத்துவிடுவேன். என்றைக்காவது தூங்கிவிட்டால் மாடியிலிருந்து தரையில் ஒரு தட்டுச் சத்தம் கேட்கும். மறுபடி ஆபீஸ் மாறி டெக்ஸாஸுக்கு வந்தோம். அந்த அம்மா இப்போது இல்லை. ஓவியம் அவருடைய மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது இங்கே டெக்ஸாஸில், பிளானோ நகரில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. பள்ளிவாசல் கமிட்டியில் சண்டை, சொந்தக்காரர்களுக்குள் மனஸ்தாபம், மகளோடு தினமும் நடக்கும் மல்லுக்கட்டு எல்லாமும் இருக்கிறது. எல்லாவற்றிலும் யாராவது ஒருவர், "இது எனக்குக் கொள்கை, இதற்கு மேல் என்னால் இறங்கி வர முடியாது," என்கிறோம். பெரும்பாலும் அப்படிச் சொல்கிறவள் நான்தான். சொன்ன மறு நிமிஷம் அந்த அம்மா ஞாபகம் வந்துவிடுகிறது. தாய்க்குக் கொடுத்த வாக்கையும் மீறாமல், எங்கள் தொழுகையையும் கெடுக்காமல் அவர் எங்களுக்காக நகர்ந்த தூரம் ஓர் அறையின் அகலம்தான். அவ்வளவு தூரம் நான் யாருக்காகவாவது நகர்ந்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், இன்றுவரை ஒரு பெயர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.